நமக்குள் என்ன எழுத்து?



மறதி மனிதனின் இயல்பு. கடன் கொடுத்தவருக்குக் கொடுத்த தொகை நினைவில் நிற்கும். வாங்கியவருக்குத் திருப்பிக் கட்டிய தவணைகள் நினைவில் நிற்கும். இருவரும் பொய்யரல்லர். ஆயினும் ஆறு மாதம் சென்று கணக்குப் பேச உட்கார்ந்தால், ஒரு தொகை இரண்டாகி விடுகிறது. கடலோர மணலில் இட்ட கோடு அலை வரும் வரைதான். நெஞ்சில் மட்டும் வைத்த கணக்கும் அத்தகையதே.

நம்மைப் படைத்தவன் நம் பலவீனத்தை அறிந்தவன். குர்ஆன் ஷரீபிலே மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது? கடனை எழுதுவதைப் பற்றியது! சூரத்துல் பகராவின் 282-வது ஆயத்து அது. தவணைக் கடனை எழுதிக் கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறு தொகையாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது. எழுத வேண்டிய வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் வாங்கியவரே. கொடுத்தவர் கூட்டிச் சொல்ல அங்கே இடமில்லை. கைக்குக் கை முடியும் ரொக்க வியாபாரத்திற்கு மட்டும் எழுதாமலிருப்பது குற்றமில்லை.

நாம் செய்வதென்ன? பற்று வைக்கும் வாடிக்கைக்காரரின் 555 நோட்டில் ஒரு டின் பாலையும் விடாமல் குறிக்கிறோம். மச்சானுக்கோ, கூட்டாளிக்கோ, ஊர்க்காரருக்கோ ஆயிரக்கணக்கில் கைமாற்றுக் கொடுக்கும்போது ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. "நமக்குள் என்ன எழுத்து?" என்கிறோம். எழுத்து சந்தேகத்தின் அடையாளமன்று. உறவைக் காக்கும் வேலி அது.

கடை நடத்துபவர் இங்கே திடீரென மௌத்தானால், ஊரிலுள்ள மனைவி மக்களின் கதி யாது? அவருக்குத் தர வேண்டியவர்களில் சிலர் வாய் திறவார். அவரிடம் வர வேண்டியவர்களோ வாசலில் நிற்பர். வாரிசுகள் சொத்தைப் பங்கிடுமுன் மையித்தின் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். எழுத்தில்லாத கடனை அவர்கள் எப்படி அறிவார்கள்?

ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, இவருக்குக் கடன் உண்டா என நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மூன்று தீனார் கடன் இருந்தது. அடைக்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை. நீங்களே தொழுது கொள்ளுங்கள் என்றார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழ வைத்தார்கள். மூன்றே தீனார்!

எழுதுவது கழுத்தை நெரிப்பதற்கன்று. அதே சூராவில் இரண்டு ஆயத்துக்கு முன்னர், சிரமப்படும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் தரும்படியும், விட்டுக் கொடுப்பது இன்னும் மேலானது என்றும் கூறப்பட்டிருக்கிறது. தொகை தெரிந்தாலன்றோ அதை மனமார விட்டுக் கொடுக்கவும் முடியும்! எழுதாத கடனை எவரும் மன்னிப்பதில்லை. மனத்தில் வைத்துப் புழுங்குகிறார்கள்.

ஆதலால் இன்றிரவு கடையடைத்ததும் பேரேட்டை எடுப்போம். கொடுத்ததை ஒரு பக்கமும் வாங்கியதை மறு பக்கமும் எழுதுவோம். வாங்கியதை முதலில் எழுதுவோம். மனம் முதலில் மறப்பது அதைத்தான். நம்பகமான இருவரைச் சாட்சியாக்கி, ஏடு இருக்குமிடத்தை வீட்டாருக்கும் சொல்லி வைப்போம்.

கடன் சுமையின்றித் தன்னிடம் வந்து சேரும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.