பிக்கப் வண்டியின் மைலேஜ்: சான்றிதழ்க் கணக்கும் சாலைக் கணக்கும்

கேள்வி: டீசல் பிக்கப் வண்டிக்கு நிறுவனம் அறிவித்த மைலேஜ், காய்கறி ஏற்றி நெடுஞ்சாலையில் ஓடும்போது ஒருநாளும் கிடைப்பதில்லை. அறிவிப்பு பொய்யா, வண்டியில் கோளாறா, ஓட்டும் முறையில் தவறா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இம்மூன்றும் இல்லாமலேயே அந்த வேறுபாடு தோன்றக்கூடும். மூன்றரை டன்னுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களின் எரிபொருள் செலவு, இந்தியாவில் சான்றிதழுக்காக அளக்கப்படும்போது வண்டி சாலையில் இறங்குவதில்லை. சேசிஸ் டைனமோமீட்டர் எனப்படும் உருளைகளின்மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, எந்த நொடியில் எந்த வேகம் என்று முன்கூட்டியே வரையறுத்த ஓர் அட்டவணைப்படி ஆய்வகத்திலேயே ஓட்டப்படுகிறது. 'திருத்திய இந்திய ஓட்டச் சுழற்சி' என வழங்கும் இந்த அட்டவணை 1,180 நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் கடக்கப்படும் தொலைவு 11 கிலோமீட்டருக்கும் குறைவு, சராசரி வேகம் மணிக்குச் சுமார் 32 கி.மீ., உச்ச வேகமான 90 கி.மீ. இறுதிப் பகுதியில் சிறிது நேரத்துக்கு மட்டுமே வரும். மேடும் எதிர்காற்றும் அங்கே இல்லை. வண்டி முழுச்சுமையோடு சோதிக்கப்படுவதும் இல்லை. இரண்டு வண்டிகளுள் எது சிக்கனமானது என்று ஒப்பிட அந்த எண் உதவும். சந்தைக்குப் போய்வர எத்தனை லிட்டர் டீசல் வேண்டும் என்று கணக்கிட அதை நம்புவதற்கில்லை.

சாலையில் மைலேஜ் குறைந்தால் பழி பெரும்பாலும் சுமைமீதே விழுகிறது. சமதளச் சாலையில் இந்தக் கருத்து பாதிதான் சரி. ஓடும் வண்டியை இரண்டு தடைகள் பின்னுக்கு இழுக்கின்றன: டயர் சாலையில் அமுங்கி மீள்வதால் எழும் உருளல் தடை எடைக்கு ஏற்பக் கூடுகிறது, காற்றைக் கிழித்துச் செல்வதால் எழும் காற்றுத் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. கேபின் கூரைக்கு மேலே கிரேட்டுகளை அடுக்கித் தார்ப்பாய் கட்டிய ஒரு வண்டியின் முகப்புப் பரப்பு 3 சதுர மீட்டர், அதன் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் குறிக்கும் காற்றுத்தடைக் கெழு 0.6, உருளல் தடைக் கெழு 0.012 என்று கொண்டால், 1,300 கிலோ சுமை கூட்டும் உருளல் தடை சுமார் 150 நியூட்டன். அதே வண்டி 60 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ.க்குப் போகும்போது கூடும் காற்றுத் தடையோ சுமார் 230 நியூட்டன். ஆக, சமதளத்தில் முழுச்சுமையை ஏற்றுவதைவிட, வேகத்தை 20 கி.மீ. கூட்டுவதே டீசலை அதிகம் கேட்கிறது. சுமையைக் கேபின் உயரத்துக்குள் அடக்கித் தார்ப்பாயைப் படபடக்காமல் இறுக்கிக் கட்டுவதும், டயரில் அந்தச் சுமைக்கு உரிய காற்றை வைப்பதும், பங்க்குகளில் விற்கும் 'மைலேஜ் திரவ' புட்டிகளைவிட நிச்சயமான பலன் தரும். (அந்தப் புட்டிகளால் உறுதியாகப் பயன் பெறுபவர் அவற்றை விற்பவரே.)

ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டத்தில் நிலைமை வேறு. அங்கே காற்றுத் தடை அற்பமானது. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் எடைக்கு ஏற்பச் சேர்ந்திருந்த இயக்க ஆற்றல் வெப்பமாக வீணாகிறது என்பதால் சுமைதான் செலவைத் தீர்மானிக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் வண்டியானால் இன்னொரு செலவும் உண்டு. புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி நிரம்பியதும், கூடுதல் டீசலைச் செலுத்தி அதைச் சூடேற்றி, கரியை எரித்துத் தீர்க்கும் வேலையை எஞ்சின் தானே செய்துகொள்கிறது. குறுகிய ஓட்டங்களே அமையும் வண்டிகளில் இது அடிக்கடி நிகழும்.

கேள்வி: உதகையிலிருந்து சுமையோடு இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகுமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: ஆகாது, ஆபத்தும் சேரும். மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட இக்கால டீசல் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் டீசல் செலுத்துவது முற்றாக நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் எரிந்தாக வேண்டும். அதோடு, எஞ்சினின் பிடிப்பும் போய்விடுவதால் முழுச் சுமையையும் பிரேக் மட்டுமே தாங்க நேர்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடேறி வலுவிழக்கிறது.

மலைச்சாலையின் உண்மையான செலவு ஏற்றத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் உயர வேறுபாடு சுமார் 1,900 மீட்டர். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவே சக்கரத்தை எட்டும் என்று கொண்டால், 1,300 கிலோ சுமையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் இரண்டு லிட்டர் கூடுதலாகத் தேவை. கேரட்டும் உருளைக்கிழங்கும் மேலிருந்து கீழே வருகின்றன என்பது இவ்வகையில் வாகன உரிமையாளருக்கு வாய்த்த நன்மை. அரிசியும் சிமெண்டும் மேலே ஏற்றுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கேள்வி: குட்டியானை லிட்டருக்கு அதிகக் கிலோமீட்டர் தருகிறது. பிக்கப்பை விற்றுவிட்டு அதை வாங்கலாமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: முதலில் இப்போதைய வண்டியின் மைலேஜ் சரியாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே பங்க்கில், ஒரே பம்பில், குழாய் தானாக நிற்கும்வரை டேங்க்கை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, சில முறை நிரப்பும் வரை ஓட்டியபின், ஓடிய மொத்தத் தொலைவை இடையில் நிரப்பிய மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரே ஒரு நிரப்பலை வைத்துச் சொல்லும் எண் பிழைபட எளிதில் இடமுண்டு. போகும்போது 10, திரும்பும்போது 15 என்றால் சராசரி பன்னிரண்டரை என்று கொள்வதும் தவறு: 150 கி.மீ. போக 15 லிட்டர், வர 10 லிட்டர், ஆக 300 கி.மீ.க்கு 25 லிட்டர் என்பதால் சராசரி 12தான்.

அடுத்து, சரக்கு வண்டிக்கு வருமானம் தருவது ஓடிய தொலைவன்று, சரக்கு சேர்ந்த தொலைவே. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்துவதை ஒரு டன்-கிலோமீட்டர் என்பர். குட்டியானை 700 கிலோவோடு 18 கி.மீ.யும் வெறுமையாக 21 கி.மீ.யும், பிக்கப் 1,300 கிலோவோடு 12 கி.மீ.யும் வெறுமையாக 15 கி.மீ.யும் தருவதாகக் கொண்டால், 100 கி.மீ. சென்று வெறுமையாகத் திரும்ப முன்னது சுமார் 10.3 லிட்டரும் பின்னது 15 லிட்டரும் குடிக்கும். லிட்டருக்குக் கிடைப்பது முன்னதில் 6.8, பின்னதில் 8.7 டன்-கிலோமீட்டர். சுமை நாள்தோறும் அரை டன்னைத் தாண்டாத தொழிலில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும் என்பதால், கடந்த சில மாதங்களின் எடைச்சீட்டுகளைப் பார்த்தபின் விற்பதைப் பற்றி முடிவெடுப்பது நல்லது. சிறிய வண்டியை வாங்கி அதிலேயே ஒரு டன்னை ஏற்றிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் இருக்குமானால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் கூடுதல் சுமைக்கான அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் வீதம் ஏறுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.