படம் பார்க்கவா, வேலை பார்க்கவா?

கேள்வி: திரைப்பட விழாவில் தன்னார்வலராகச் சேர்ந்தால் நிறைய படம் பார்க்கலாமா?
– கல்லூரி மாணவி, மீஞ்சூர்

பதில்: சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்திவருகிறது; பெரும்பாலும் டிசம்பரில். படம் பார்ப்பது மட்டுமே ஆசையென்றால் பாஸ் வாங்கிவிடுங்கள். தன்னார்வலருக்குப் பாதிப் படம்கூடக் கிடைக்காது. வரிசையை ஒழுங்குபடுத்துவது, பாஸ் சரிபார்ப்பது, காட்சி தள்ளிப்போனால் கோபப்படுபவரிடம் பொறுமையாகப் பேசுவது, வெளிநாட்டு இயக்குநரை மேடைக்கு அழைத்துப்போவது எல்லாம் உங்கள் வேலை. ஆனால் ஒரு விழா எப்படி நடக்கிறது என்பதை அங்கேதான் கற்கமுடியும். எனக்கு அதுவே பெரிது. அவசியம் போங்கள். கடைசிக் காட்சி முடிந்து மீஞ்சூர் திரும்பக் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிப்பது சிரமம்; அதனால் காலை நேரப் பொறுப்பைக் கேளுங்கள். சாப்பாடு, பயணச் செலவு யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.