லொறியிலும் உழவு இயந்திரத்திலும் மின் ஒட்டுவேலை

பெரும்போக நெல்லும் மரக்கறியும் சந்தைக்குச் செல்லும் நாட்களிலேயே லொறியின் பின்கதவுக் கீல் அறுவதும் அடிச்சட்டம் வெடிப்பதும் வழக்கம். அவசரத்தில் பட்டறைக்குக் கொண்டுசென்று, பற்றரி பூட்டியபடியே வெல்டிங் செய்வித்து வருவோர் பலர். பொறிமுறைப் பம்பி கொண்ட பழைய வாகனங்களில் இவ்வழக்கத்தின் தீங்கு பெரும்பாலும் வெளிப்படவில்லை. புதிய லொறிகளிலும் பெரிய உழவு இயந்திரங்கள் பலவற்றிலும் எரிபொருளை அளந்து விடுவது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியாகும். அது பழுதுற்றால் கீல் உறுதியாயிருந்தும் வண்டி அசையாது. ஏற்றிய தக்காளி அதுவரை காத்திராது.

ஒட்டுக்கோலினூடாகப் பாயும் மின்னோட்டம் 100 அம்பியர் அளவினது. அது கவ்வியின் வழியாக ஒட்டு இயந்திரத்துக்குத் திரும்புதல் வேண்டும். பின்கதவை ஒட்டும்போது கவ்வியை முன் பம்பரில் மாட்டினால், அம்மின்னோட்டம் வண்டியின் முழு நீளத்தையும் கடக்க நேரிடும். இடையில் துருவோ நிறப்பூச்சோ தடுத்தால், அது வயர்களையும் பெயரிங்குகளையும் வழியாக்கிக்கொள்ளும். ஒல்ரனேற்றரின் இருவாயிகள் கருகுவதும் பெயரிங் உருளைகளில் குழி விழுவதும் இவ்வாறே. ஆகையால், ஒட்டும் இடத்திற்கு மிக அருகில், அதே இரும்பில், நிறப்பூச்சைச் சுரண்டி வெள்ளிரும்பு தெரியும் இடத்திற் கவ்வியை மாட்டுதல் வேண்டும். கவ்விக்கும் ஒட்டும் இடத்துக்குமிடையே பெயரிங் எதுவும் அமைதலாகாது. பட்டறையில் உடன் நிற்கும் கமக்காரர் வேறொன்றையும் கவனியாவிடினும் இதனைக் கவனித்தல் நன்று.

வேலை தொடங்குமுன் திறப்பை அணைத்து எடுத்துவிட வேண்டும். சில பெட்டிகள் திறப்பை அணைத்த பின்னும் சிறிது நேரம் இயங்குமாதலால், சில நிமிடங்கள் பொறுத்து, பற்றரியின் மறை முனையை முதலிலும் நேர் முனையை அடுத்தும் கழற்றுக. 24 வோல்ற்று லொறிகளில் இரு பற்றரிகள் உண்டு. இரண்டையும் கழற்றுதல் வேண்டும். பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு தீப்பொறியால் வெடிக்கக்கூடியது. ஆதலின் அருகில் ஒட்டுவதாயின் பற்றரியையே இறக்கி அப்பால் வைத்தல் வேண்டும். ஒல்ரனேற்றர், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றின் இணைப்பான்களையும் வாகனக் கைந்நூலிற் கூறியவாறு கழற்றிக்கொள்க. ஒட்டுக் கேபிள்களை வண்டியின் வயர்க் கட்டுகள்மீது போடலாகாது.

உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி உடைந்திருப்பின் வேலை எளிது. பெட்டியைக் கழற்றி, விளக்கு வயரையும் பிடுங்கி, தனியே தள்ளிவைத்து ஒட்டினால் இயந்திரத்துக்கு யாதொரு தீங்கும் வாராது. கொழுவியைக் கழற்றச் சோம்பி இயந்திரத்தோடு சேர்த்தே ஒட்டுவிப்பது வீண் துணிவாகும். பெட்டியிற் கிடக்கும் வைக்கோலைக் கூட்டி அகற்றுவதும், அருகில் மணல் வாளியொன்று வைத்திருப்பதும் அவசியம். டீசல் தாங்கியை அண்டிய இடத்தில், தாங்கியைக் கழற்றாது ஒட்டுதல் எக்காரணத்தாலும் கூடாது.

ஒட்டிய இரும்பு ஆறிய பின்னர் கவ்வியை முதலிற் கழற்றுக. பின்னர் இணைப்பான்களையும், பற்றரியின் நேர் முனையையும், இறுதியாக மறை முனையையும் பூட்டுக.