அட்டை கையில் இருந்தால் போதுமா?

வாக்காளர் பட்டியல், வாக்குச்சாவடி நடைமுறை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வருவாய்த்துறையில் தேர்தல் பணி பார்த்து ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

எங்களுக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்காக வந்து திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஓட்டு ஊரில்தான் இருந்தது. கணக்கெடுப்பு நடந்தபோது ஊரில் வீடு பூட்டிக் கிடந்ததால் பெயரை எடுத்துவிட்டார்களாம். ஆனால் வாக்காளர் அட்டை பத்திரமாக இருக்கிறது. அதைக் காட்டி ஓட்டுப் போடலாம்தானே? (வாசகி, திருப்பூர்)

போட முடியாதம்மா. வாக்குப்பதிவு நாளில் தெரிந்து மனம் நோவதைவிட இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் இன்னார் என்று காட்டுவதற்குத்தான் அட்டை. அந்தச் சாவடியில் வாக்களிக்கும் உரிமையைத் தருவது பட்டியலில் உள்ள பெயர். பெயர் இல்லையென்றால் அட்டை எவ்வளவு புதிதாக இருந்தாலும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரால் ஒன்றும் செய்ய முடியாது. அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து, பெயர் இல்லை என்று கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிடும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் முன்னால் யாராவது பார்த்துச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் அது.

உங்களைப்போலப் பெயர் இழந்தவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ஆம் தேதி சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில் போனவர்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்கள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் பதிவு செய்யச் சொல்கிறது. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. அதையும் அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. அதேபோல, நாலு நாள் வெளியூர் போயிருந்தார் என்பதற்காக யாருடைய பெயரையும் எடுக்கவும் கூடாது. நீங்கள் குடும்பத்தோடு திருப்பூரில் தங்கி வேலை பார்ப்பதால் திருப்பூரில் பதிவு செய்வதுதான் முறை. பெயர் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டதால் படிவம் 6 கொடுங்கள். திருத்தப் பணியை ஒட்டிக் கேட்கப்படும் உறுதிமொழிப் படிவத்தையும் இணைக்க வேண்டும்.

முகவரிச் சான்றுதான் வாடகைக்காரர்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை. வீட்டு உரிமையாளர் ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். மின் கட்டண ரசீது அவர் பெயரில் இருக்கும். ஆதாரிலோ வங்கிப் பாஸ்புக்கிலோ திருப்பூர் முகவரி இருந்தால் அதுவே போதும். எதுவுமே இல்லையா? அதற்காக விண்ணப்பத்தை வாங்க மறுக்கக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., நேரில் வந்து விசாரித்து அறிக்கை தர வேண்டும். வீடே இல்லாமல் தெருவோரம் படுப்பவருக்குக்கூட, பி.எல்.ஓ. இரவில் போய் அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துப் பெயர் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. நான்கு சுவர் இல்லாத மனிதருக்கும் இந்த நாட்டில் ஒரு முகவரி உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது.

ஊரில் ஓட்டு இருந்தால்தான் ஊர்க்காரர் என்ற பிடிமானம் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவதையும் சாக்கடை தூர்வாருவதையும் முடிவு செய்கிறவர்கள் திருப்பூரில்தான் இருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் நினைக்காதீர்கள். அது சட்டப்படி தவறு. விண்ணப்பத்தில் பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே.

தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடவும் வேண்டாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது. உங்கள் விண்ணப்பத்தின் மீது ஆட்சேபம் கேட்கவும் விசாரிக்கவும் நாள் பிடிக்கும் என்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மறுத்தால், 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவரவில்லை என்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். அதனால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மகளுக்குத் திருமணமாகி வேலூருக்குப் போய்விட்டாள். அவளுக்கு அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா? (வாசகர், ஆம்பூர்)

வேண்டாம். ஆம்பூர்ப் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருந்தால் படிவம் 8 போதும். 2022 ஆகஸ்டிலிருந்து முகவரி மாற்றம், பிழைத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று எல்லாமே அந்த ஒரே படிவத்தில்தான். படிவம் 6 முதன்முறையாகச் சேர்கிறவர்களுக்கும் பெயர் நீக்கப்பட்டவர்களுக்கும். அவசரத்தில் படிவம் 6 கொடுத்துவிட்டால் இரண்டு ஊர்ப் பட்டியலிலும் பெயர் ஏறி, பிறகு இரட்டைப் பதிவு என்று விளக்கம் கேட்பார்கள்.

என் மகன் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வரும் மே மாதம் 18 வயது முடிகிறது. அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா? எந்த ஊரில் சேர்ப்பது? (வாசகி, தேனி)

ஜனவரி 1 மட்டுமே கணக்கு என்றிருந்த காலம் போய்விட்டது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று தகுதி நாள்கள் நான்கு. உங்கள் மகனுக்கு ஜூலை 1 பொருந்தும். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். 18 ஆனதும் அதற்கடுத்த தகுதி நாளை ஒட்டிப் பெயர் ஏறும். விடுதி மாணவர்கள் சொந்த ஊரிலோ படிக்கும் ஊரிலோ ஏதாவது ஓரிடத்தில் சேரலாம். கோவை என்றால் கல்லூரியிலிருந்து சான்று வாங்கி இணைக்க வேண்டும். முடிவை மகனிடம் விட்டுவிடுங்கள், ஓட்டு அவருடையது.

சென்ற முறை பூத் சிலிப்பையும் ஸ்மார்ட் ரேஷன் கார்டையும் கொண்டுபோனேன். இரண்டும் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது நியாயமா? (வாசகர், கடலூர்)

அவர்கள் விதிப்படிதான் செய்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் எதற்கெடுத்தாலும் ரேஷன் கார்டைக் கேட்டுப் பழக்கிவிட்டதால், அது செல்லாத ஓர் இடம் உண்டென்று யாருக்கும் தோன்றுவதில்லை. அண்மைத் தேர்தல்களில் வாக்காளர் அட்டைக்கு மாற்றாக ஆணையம் ஏற்ற 12 ஆவணங்களில் குடும்ப அட்டை இல்லை. பெரும்பாலானவர்கள் கையில் இருப்பவற்றை மட்டும் சொல்கிறேன்: ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை.

பூத் சிலிப் உங்கள் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் சொல்லும் தகவல் சீட்டு மட்டுமே. 2019 முதல் அதைத் தனி அடையாளமாக ஏற்பதில்லை. சீட்டு வராவிட்டாலும் கவலை வேண்டாம். பட்டியலில் பெயரும் கையில் அடையாளமும் இருந்தால் வாக்களிக்கலாம். அட்டையில் பெயரின் எழுத்து ஒன்றிரண்டு பிழையாக இருப்பதற்காகவும் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இன்னார் என்று உறுதியானால் சின்னப் பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்றுதான் அலுவலர்களுக்கு அறிவுரை. புகைப்படம் பொருந்தவே இல்லையென்றால் மட்டும் வேறோர் ஆவணம் கேட்பார்கள்.

நான் போவதற்குள் என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். “சர்கார்” படத்தில் வருவதுபோல 49பி என்று கேட்டால் நிஜமாகவே ஓட்டுப் போட விடுவார்களா? (வாசகர், மதுரை)

விடுவார்கள். 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் அந்த விதி நெடுங்காலமாகவே இருக்கிறது; 2018-இல் வந்த அந்தப் படம் அதை டீக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. எதிர்பார்ப்பும் கூடவே வளர்ந்துவிட்டதால் நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் பெயருக்கு நேராக ஏற்கெனவே குறியிட்டிருந்தால் அங்கிருந்து நகராமல் தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். நீங்கள்தான் அந்த வாக்காளரா என்று அவர் கேள்வி கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அச்சடித்த வாக்குச்சீட்டு ஒன்றைத் தருவார். இயந்திரத்தில் பொத்தானை அழுத்த விடமாட்டார்கள். மறைவிடத்துக்குப் போய் முத்திரை குத்தி மடித்துக் கொடுக்க வேண்டும். அது தனி உறையில் போகும். தேர்தல் பணியாளர்கள் இதை டெண்டர் ஓட்டு என்பார்கள். வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரித்துச் சேர்க்க மாட்டார்கள் என்பதுதான் பலருக்கு ஏமாற்றம் தருகிறது. வழக்கு என்று வந்து நீதிமன்றம் கேட்டால்தான் அது திறக்கப்படும்.

அப்படியானால் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்பீர்கள். அவசியம் மெனக்கெட வேண்டும். உங்கள் பெயரில் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அரசு ஆவணத்தில் பதியும் சாட்சி அது. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி என்ற வேட்பாளர் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட உறையில் கிடந்த ஓட்டுகளைப் பற்றித்தான் அங்கே வாதாடினார்கள். நம் ராதாபுரத்திலும் 2016-இல் வெற்றி வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. சும்மா திரும்பி வந்துவிட்டால் திருடியவனுக்கு அது இரண்டாவது வெற்றி.

இதன் மறுபக்கமும் உண்டு. உள்ளே இருக்கும் கட்சி முகவர், இவர் அந்த ஆள் இல்லை என்று உங்களை எதிர்க்கலாம். அதற்கு அவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். எதிர்ப்பு நிரூபணமாகாவிட்டால் உங்களை வாக்களிக்க அனுமதித்தே தீர வேண்டும். முகவரின் சத்தத்துக்குப் பயந்து திரும்ப வேண்டியதில்லை. முடிவு சொல்கிறவர் தலைமை அலுவலர், முகவர் இல்லை.

அப்பாவுக்கு 87 வயது. படுத்த படுக்கை. அம்மாவுக்குப் பார்வை மிகவும் மங்கல். இருவருமே ஓட்டுப் போட ஆசைப்படுகிறார்கள். (வாசகி, நாகர்கோவில்)

அந்த ஆசைக்காகவே இருவரையும் வணங்குகிறேன். அப்பாவுக்கு வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி உண்டு. 2021 தேர்தலில் 80 வயது என்றிருந்த வரம்பை 2024-இல் 85 ஆக்கிவிட்டார்கள். அவர் அதற்குள் வருகிறார். 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இது பொருந்தும். பி.எல்.ஓ. கொண்டுவரும் படிவம் 12டி-யைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். காலம் மிகக் குறுகியது. பலர் தவறவிடுவது இங்கேதான். பிறகு ஒரு குழு முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும். கேமராவில் பதிவு செய்வார்கள். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் பதிவாகாது. ஒருமுறை இதற்கு ஒப்புக்கொண்டால் அந்தத் தேர்தலில் சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது.

அம்மா சாவடிக்கு வரும்போது 18 வயது நிரம்பிய ஒருவர் துணைக்குப் போகலாம். அன்று அவர் வேறு யாருக்கும் துணையாகப் போகக் கூடாது. ரகசியம் காப்பதாக எழுதியும் தர வேண்டும். நீங்களே துணைக்குப் போனால், அம்மா சொல்லும் சின்னத்தை அழுத்துங்கள்.

துபாயில் வேலை செய்கிறேன். இந்தியக் குடியுரிமைதான். தபாலில் ஓட்டுப் போடலாமா? (வாசகர், துபாய்)

இப்போதைக்கு வழியில்லை. படிவம் 6ஏ மூலம் பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் வாக்குப்பதிவு நாளில் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும். விமான டிக்கெட் வாங்க முடிகிறவருக்கு மட்டும் ஓட்டு என்பது சரியான ஏற்பாடே அல்ல என்பது என் கருத்து. விதி மாறும் வரை, ஊருக்கு வரும் விடுமுறையைத் தேர்தலோடு பொருத்த முடியுமா என்று பாருங்கள்.

தினக்கூலிக்கு வேலை பார்க்கிறேன். தேர்தலன்று லீவு போட்டால் கூலி கிடையாது என்கிறார் முதலாளி. வேலை முடித்துப் போவதற்குள் ஆறு மணி ஆகிவிடுகிறது. என்ன செய்வது? (வாசகர், சிவகாசி)

வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நின்றுகொண்டிருப்பவர் எல்லோருமே வாக்களிக்கலாம். 2024-இல் தமிழ்நாட்டில் மாலை 6 மணி வரை நேரம் கொடுத்தார்கள். அந்த நேரம் வந்ததும் தலைமை அலுவலர் வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னால் வரை டோக்கன் கொடுத்துக்கொண்டே வருவார். பின்னாலிருந்து தொடங்குவதால் அதற்குப் பிறகு யாரும் நுழைய முடியாது. ஆறு மணிக்கு நீங்கள் வரிசையில் நின்றால் ஏழரை மணி ஆனாலும் உங்கள் ஓட்டு உங்களுக்கு உண்டு.

ஆனால் நீங்கள் அவ்வளவு தூரம் ஓடிவர வேண்டிய தேவையே இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி-யின்படி, கடை, தொழிற்சாலை, நிறுவனம் எதுவானாலும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். தினக்கூலிக்கும் இது பொருந்தும். வேலைக்கு வந்திருந்தால் என்ன கூலியோ அதைக் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் ஓட்டு பக்கத்துத் தொகுதியில் இருந்தாலும் இதே விதிதான். நிறுத்தினால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ வரக்கூடிய வேலைகளுக்கு மட்டும் விலக்கு. மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். இந்தக் காலத்தில் அது ஒரு தொகையே இல்லை, உயர்த்த வேண்டும் என்று நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன். தொகை சிறிதானாலும் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு விசாரணை வருவதை எந்த முதலாளியும் விரும்பமாட்டார். நாலைந்து பேராகச் சேர்ந்து வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே முதலாளியிடம் கேளுங்கள். மறுத்தால் 1950 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். அதே எண்ணில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா, எந்தச் சாவடி என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.