கொடையால் எழுந்த கற்பாலம்

2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையேயுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. ரயில்கள் நின்றன. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மக்களாகிய நாம், பாலமற்ற காலத்தார் பட்ட அல்லலை அன்று ஓரளவு உணர்ந்தோம்.

அவ்வல்லலை ஆண்டுதோறும் பட்டவர்கள் திருநெல்வேலியாரும் பாளையங்கோட்டையாரும். இரண்டு ஊர்களுக்கும் நடுவே தாமிரபரணி, கடப்பதற்குப் படகு. பாலத்திற்குச் சுமார் 50,000 ரூபாய் வேண்டியிருந்தது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாதாராக இருந்த சுலோசன முதலியார் அப்பெருஞ்செலவைத் தாமே ஏற்றார். மனைவியின் நகைகளையும் ஈந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. (சிரஸ்தாதார் என்னும் பதவிப் பெயர் பாரசீகம் தந்தது என்பதை மாணவர் குறித்துக்கொள்க.) 1843ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது.

ஹார்ஸ்லி என்னும் ஆங்கிலப் பொறியாளர், இலண்டனில் தேம்ஸ் ஆற்றின்மீது நின்ற வாட்டர்லூ பாலத்தை முன்மாதிரியாகக் கொண்டு இதனை வடிவமைத்தார். நீளம் 760 அடி. ஒவ்வொன்றும் 60 அடி அகலமுள்ள பதினொரு வளைவுகள். வளைவுகளுக்கிடையே இரட்டைத் தூண்கள் அணி செய்கின்றன. வளைவின் நுட்பம் எளிது. மேலிருந்து அழுத்தும் பாரமே கற்களை ஒன்றோடொன்று நெருக்கி இறுக்குகிறது. ஒரு வளைவு பக்கவாட்டில் தள்ளும் விசையை அடுத்த வளைவு எதிர்த்துத் தாங்குகிறது. ஆயின் அடித்தளத்தை நீர் அரித்துவிட்டால் இவ்வொற்றுமை குலைந்துவிடும். 1869 வெள்ளத்தில் இப்பாலத்து வளைவுகள் சில பழுதுற்றுப் பின்னர்ச் சீர்செய்யப்பட்டன.

முன்மாதிரிக்கு நேர்ந்ததோ வேறு. 1817இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்தை ஒரு நிறுவனம் கட்டியது. அதனைக் கடப்போர் 1878 வரை சுங்கம் செலுத்தினர். அடித்தளம் அரிக்கப்பட்டுத் தூண்கள் அமிழ்ந்தமையால், 1930களில் அது இடிக்கப்பட்டது. இன்று அங்கு நிற்பது வேறொரு பாலம். ஆக, மூலம் மறைந்தது, படி நிலைத்தது. அப்படியும் ஒருவரின் கொடையால் எழுந்ததாகையால், அதன் செலவை வழிப்போக்கரிடம் தண்ட வேண்டிய தேவை இங்கு எழவில்லை. இவ்வேறுபாடே நமக்குக் கட்டடக்கலையினும் பெரிதாகப் படுகிறது.

பிற்காலத்தில் பாலம் அகலப்படுத்தப்பட்டது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோதும் நிலைத்து நின்றது. பேருந்தில் அமர்ந்து கடப்போர் கண்ணுக்கு வளைவுகள் தென்படா. நெல்லை செல்லும் மாணவர், கொக்கிரகுளம் பக்கம் ஆற்றங்கரையில் இறங்கி நின்று அண்ணாந்து காண வேண்டும்.