வந்தாரை வாழவைப்போம்

வந்தாரை வாழவைக்கும் நாடு என்று நம் தமிழகத்தைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். பசித்தவருக்குச் சோறிடுவது சிறந்த அறமே. ஆனால் வீடு, தொழில், உற்றார் அனைத்தையும் இழந்து வந்தவரை வாழவைப்பது அத்துடன் முடிந்துவிடுமா? இங்கே புகலிடம் தேடி வந்தோரின் வரலாற்றைப் பார்த்தால், அவர்களுக்கு வேண்டியவை மூன்று என்பது விளங்கும்.

முதலாவது, தொழில். 1962-ல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. பின்னர் கடைகளும் வாணிபமும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தனர். துறைமுகத்தின் அருகே சிறுகடைகள் வைத்துப் பிழைத்தனர். அதுவே பர்மா பஜார். அவர்கள் கொண்டுவந்த ‘அத்தோ’ இன்று சென்னை மக்களின் சிற்றுண்டியாகிவிட்டது.

1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவர்களுள் பெரும்பாலோர் அறிந்தது தேயிலைத் தொழில். எனவே அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிப் பல குடும்பங்களுக்கு வேலை அளித்தது. வியாபாரக் கடன் பெற்ற பலரோ, பழக்கமில்லாத தொழிலில் இறங்கித் தவித்தனர். வந்தவருக்கு என்ன தெரியும் என்று கேட்டறிந்து செய்வதே நல்லுதவி என்பது இதனால் புலப்படுகிறது அன்றோ?

இரண்டாவது, கல்வி. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் ஈழத் தமிழர்கள் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நம் அரசுப் பள்ளிகள் இடமளித்தன. அகதிகளே 1984-ல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அமைத்துத் தம் பிள்ளைகளின் படிப்புக்குப் பாடுபட்டனர். இயேசு சபைத் தலைவராயிருந்த அருட்தந்தை பேத்ரோ அருப்பே 1980-ல் தொடங்கிய அகதிகள் பணியும் முகாம்களில் மாலை வகுப்புகள் நடத்தியது.

மூன்றாவது, உறவு. 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் சூட்டியது. பெயர் மாறியது நன்று. ஆயினும் இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கு இன்னும் குடியுரிமை கிட்டவில்லை. அதனை வழங்குவது அரசின் கையில் இருக்கிறது. பக்கத்தில் இடம் தருவதோ நம் கையில் இருக்கிறது.

அன்புத் தோழியரே! முகாமிலிருந்து வரும் மாணவியிடம் முதலில் அவள் பெயரைக் கேட்போம். ‘ஆம்’ என்பதற்கு அவள் ‘ஓம்’ என்றால் நகையாதிருப்போம். விளையாட்டிலும் கலைவிழாவிலும் அவளுக்கும் பங்கு கொடுப்போம். நம் பெற்றோரும் முகாம் மக்களை அயலவராக அல்ல, அண்டை வீட்டாராகக் கருதினால் எத்துணை நலம்!

ஏரோதின் வாளுக்குத் தப்பி, பாலன் இயேசுவை ஏந்திக்கொண்டு மரியன்னையும் சூசையப்பரும் எகிப்துக்குச் சென்றனர். அங்கே யாரோ அவர்களுக்குக் கதவைத் திறந்திருப்பார்கள். தச்சராகிய சூசையப்பருக்கு யாரோ வேலை கொடுத்திருப்பார்கள். அவர்களின் பெயர்கள் மறைநூலில் இல்லை. பெயர் தெரியாத அந்த நல்லவர்களைப் போல் நாமும் வாழ இறைவன் அருள்வாராக!