இணைப்பு இல்லாத ஊரில் இணையப்பக்கம்

அந்தமான் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோள் வழியாகவே இணைய இணைப்பைப் பெற்றுவந்தன. அது விரைவு குன்றியது, செலவு மிக்கது. 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. மலையூர்கள் சிலவற்றில் இன்றும் இணைப்பு அரிதாகவே கிடைக்கிறது. இத்தகைய ஊரில் வாழும் மாணவர், இணையப்பக்கம் உருவாக்கக் கற்க இயலுமா? இயலும்.

இணையப்பக்கம் என்பது எழுத்துகளால் ஆன ஒரு கோப்பே ஆகும். அதனைப் படித்துத் திரையில் காட்டுவது உலவி. கோப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசேர்ப்பதே இணையத்தின் பணி. கடிதத்தைக் கொண்டுசேர்க்க அஞ்சல்காரர் வேண்டும். எழுதுவதற்கு அவர் வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் இணையப்பக்கத்தை உருவாக்கினார். அப்பக்கத்தை எழுதியதும் காட்டியதும் அவருடைய கணினியே.

மாணவர் நோட்பேடு போன்ற எளிய செயலியில் எச்.டி.எம்.எல். மொழியில் எழுதி, கோப்பைச் சேமித்து, உலவியில் திறந்தால் போதும்; பக்கம் தோன்றும். தலைப்பு, பத்தி, படம் ஆகியவற்றை உலவிக்கு உணர்த்தும் குறிகள் ஒட்டுகள் எனப்படும். படம் அதே கோப்புறையில் இருந்தால் இணைப்பின்றியே தெரியும். வேறு தளத்தின் முகவரியைக் கொடுத்தால் தெரியாது. தமிழில் எழுதுவோர் யூ.டி.எஃப்-8 என்னும் குறியாக்கத்தைக் குறிப்பிடுதல் வேண்டும்; இல்லையெனில் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும்.

பிழை நேர்ந்தால் தேடிப்பார்க்க இணையம் இராது. தலைப்பு ஒட்டை மூட மறந்தால், அதனைத் தொடரும் பத்திகளும் பெரிய எழுத்தில் தோன்றும். அப்போது மாணவர் தம் கோப்பை வரிவரியாகப் படித்து, எந்த வரியில் மாற்றம் தொடங்குகிறது எனக் கண்டறிய வேண்டும். இது காலம் எடுக்கும். ஆயினும் இவ்வாறு தாமே கண்ட பிழை எளிதில் மறவாது.

உருவாக்கிய பக்கத்தைப் பிறர் தம் ஊரிலிருந்தே காண இணைப்பு தேவை. அது கிடைக்கும் நாள்வரை கற்றல் காத்திருக்க வேண்டியதில்லை.

சொற்பொருள்

வடம் – தடித்த கம்பி, கயிறு
உலவி – இணையப்பக்கத்தைத் திறந்து காட்டும் செயலி
கோப்புறை – கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்
குன்றிய – குறைந்த

பயிற்சிகள்

அ. விடை எழுதுக.
1. அந்தமானுக்குக் கடலடி வடம் எப்போது பயன்பாட்டுக்கு வந்தது?
2. அஞ்சல்காரர் உவமை எதனை விளக்குகிறது?
3. தலைப்பு ஒட்டை மூடாவிட்டால் என்ன நிகழும்?

ஆ. பிரித்து எழுதுக.
1. கடலடி 2. மற்றோரிடம் 3. வேண்டியதில்லை

இ. சிந்தித்து எழுதுக.
உங்கள் சொந்த ஊரைப் பற்றி ஓர் இணையப்பக்கம் உருவாக்கினால், அதில் என்னென்ன இடம்பெறும்? ஐந்து வரிகளில் எழுதுக.